பவர் ஆம்ப்ளிஃபயருக்கு சோக் சுற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரை, மேலூர், திருமங்கலம் பக்கம் ஹாம் ரேடியோ (உரிமம் வாங்கிப் பொழுதுபோக்காக நடத்தும் ரேடியோ நிலையம்) வைத்திருப்பவர்களில் சிலர் இப்போது வால்வு (கண்ணாடிக் குழாய்) ஆம்ப்ளிஃபயர் கட்ட ஆரம்பித்திருக்கிறார்கள். டிரான்ஸ்ஃபார்மரை உள்ளூரிலேயே கட்டி வாங்கிவிடுகிறார்கள், வால்வும் எப்படியோ கிடைத்துவிடுகிறது. சோக் (வேகமாக ஆடும் கரண்டைத் தடுக்கும் கம்பிச் சுருள்) வரும்போதுதான் வேலை நின்றுவிடுகிறது. என்னிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

சோக் என்றால் எந்த சோக்கைச் சொல்கிறீர்கள்?

ஒரு வால்வு ஆம்ப்ளிஃபயரில் அந்தப் பெயரில் நாலைந்து சாமான் இருக்கும். ஹை வோல்டேஜை வால்வின் பிளேட்டுக்கு (பெருக்கிய பவர் வெளிவரும் தகடு) கொண்டுபோவது பிளேட் சோக். கிரிட்டை (வால்வுக்குள் கரண்டைக் கட்டுப்படுத்தும் கம்பி வலை) கிரவுண்ட் செய்த ஆம்ப்ளிஃபயரில் ஃபிலமென்ட் டிரான்ஸ்ஃபார்மருக்கும் வால்வுக்கும் நடுவில் வருவது ஃபிலமென்ட் சோக். ஆன்டெனா சாக்கெட்டில் இருந்து கிரவுண்டுக்குப் போவது பாதுகாப்பு சோக். ஆன்டெனாவுக்குப் போகும் கோஆக்ஸ் கேபிளில் ஃபெரைட் வளையம் போட்டுச் சுற்றுவது லைன் சோக். பவர் சப்ளையில் ஃபில்டர் சோக் இருந்தாலும் இருக்கலாம். இதில் ஆளைப் படுத்துவது பிளேட் சோக்தான், அதனால் அதற்கே இங்கே அதிக இடம்.

பிளேட் சோக் உண்மையில் என்ன வேலை செய்கிறது?

டிசியை (ஒரே திசையில் ஓடும் கரண்டை) விடவேண்டும், ஆர்எஃப்பை (ரேடியோ அலைவரிசையில் ஆடும் கரண்டை) தடுக்கவேண்டும். பிளேட்டில் 2000 வோல்ட் டிசி இருந்தால், அதன் மேலேயே 1700 வோல்ட் உச்சம் வரை ஆர்எஃப் ஆடிக்கொண்டிருக்கும். அந்த ஆர்எஃப் அத்தனையும் சோக்கின் இரண்டு முனைக்கும் நடுவில் நிற்கிறது. சூடான முனை பிளேட்டில், குளிர்ந்த முனை ஹை வோல்டேஜ் சப்ளையில். குளிர்ந்த முனையில் கிரவுண்டுக்கு ஒரு பைபாஸ் கெபாசிட்டர் கட்டாயம் வேண்டும். 1000 பைக்கோஃபாரட் போட்டால் 1.8 மெகாஹெர்ட்ஸில் அது 88 ஓம், 4700 போட்டால் 19 ஓம்தான். கீழ் பேண்டில் (குறைந்த அலைவரிசைகளில்) வேலை செய்வதாக இருந்தால் 4700 போடுங்கள். வோல்டேஜ் தாங்கும் அளவு சப்ளையைப் போல இரண்டு மடங்காவது இருக்கட்டும்.

எத்தனை மைக்ரோஹென்றி வேண்டும்?

முதலில் வால்வு பார்க்கும் லோடு எவ்வளவு என்று கணக்குப் போடவேண்டும். பிளேட் வோல்டேஜை, பிளேட் கரண்டைப் போல 1.6 மடங்கால் வகுத்தால் கிட்டத்தட்ட வந்துவிடும். இரண்டு 811ஏ வால்வு, 1500 வோல்ட், 350 மில்லிஆம்பியர் என்றால் ஏறக்குறைய 2700 ஓம். ஒரே ஒரு 813, 2000 வோல்ட், 180 மில்லிஆம்பியர் என்றால் 6900 ஓம்.

சோக்கின் ரியாக்டன்ஸ் (ஆர்எஃப்புக்கு அது காட்டும் தடை) இந்த லோடைப் போல பல மடங்கு இருக்கவேண்டும் என்று புத்தகத்தில் இருக்கும். 1.8 மெகாஹெர்ட்ஸில் அப்படி இருக்க வேண்டுமானால் சோக் ஒரு முழம் நீளத்துக்குப் போய்விடும், அவ்வளவு கம்பி சுற்றினால் மேல் பேண்டில் வேறு வம்பு வரும். நடைமுறையில் 160 மீட்டர் (1.8 மெகாஹெர்ட்ஸ்) முதல் 10 மீட்டர் (28 மெகாஹெர்ட்ஸ்) வரை எல்லாப் பேண்டும் வேண்டுமென்றால் 200 முதல் 230 மைக்ரோஹென்றி, 80 மீட்டரிலிருந்து (3.5 மெகாஹெர்ட்ஸ்) போதும் என்றால் 90 முதல் 100. 230 மைக்ரோஹென்றி 1.82 மெகாஹெர்ட்ஸில் 2630 ஓம் காட்டும். அது 813-க்கு லோடைவிடக் குறைவு, ஆனாலும் ஆம்ப்ளிஃபயர் வேலை செய்யும், ஏனென்றால் சோக் டேங்க் சர்க்யூட்டுக்குப் (அலைவரிசைக்கு டியூன் செய்யும் காயிலும் கெபாசிட்டரும்) பக்கவாட்டில் நிற்கிறது, அதன் இண்டக்டன்ஸ் டியூனிங் கெபாசிட்டரில் கொஞ்சத்தைச் சாப்பிடும், நீங்கள் கெபாசிட்டரைக் கூடுதலாகத் திருப்பிச் சரிசெய்துவிடுவீர்கள்.

இதற்கு ஒரு விலை உண்டு. அந்த 813-இல் ஆர்எஃப் கரண்ட் சோக் வழியாக 0.46 ஆம்பியர் அளவுக்கு ஓடும், டிசியோ வெறும் 0.18. டிசி கரண்டை மட்டும் பார்த்துத் தலைமுடி மாதிரிக் கம்பியில் சுற்றுகிறவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதே இல்லை. 160 மீட்டரில் சோக் கொதிப்பதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

சரி, 230 மைக்ரோஹென்றி எப்படிச் சுற்றுவது? சுற்று எத்தனை?

25 மில்லிமீட்டர் டெஃப்லான் ராடு, 26 எஸ்.டபிள்யூ.ஜி (கம்பித் தடிமனைச் சொல்லும் கேஜ் எண்) எனாமல் கம்பி, நெருக்கமாக ஒரே அடுக்கில் 200 சுற்று. சுற்றின் நீளம் 10 சென்டிமீட்டர் வரும், கம்பி 16 மீட்டர் பிடிக்கும், இண்டக்டன்ஸ் 230-ஐ ஒட்டி வரும். 80 மீட்டரிலிருந்து போதும் என்பவர்கள் அதே ராடில் 100 சுற்று, 5 சென்டிமீட்டர், 104 மைக்ரோஹென்றி.

வேறு ராடு கிடைத்தால் கணக்கு இப்படி: விட்டத்தின் வர்க்கத்தை சுற்று எண்ணிக்கையின் வர்க்கத்தால் பெருக்கி மேலே வையுங்கள். கீழே, விட்டத்தை 457-ஆல் பெருக்கியதையும் சுற்றின் நீளத்தை 1016-ஆல் பெருக்கியதையும் கூட்டி வையுங்கள். மேலே உள்ளதைக் கீழே உள்ளதால் வகுத்தால் மைக்ரோஹென்றி. அளவெல்லாம் மில்லிமீட்டரில், விட்டம் கம்பியின் நடு வரைக்கும்.

கம்பி எந்த மோட்டார் காயில் கட்டும் கடையிலும் கிடைக்கும். கிணற்று மோட்டார் எரியாத ஊர் நம் பக்கத்தில் இல்லை, அதனால் காயில் கடையும் இல்லாத ஊர் இல்லை. எடை போட்டுத் தருவார்கள். ராடு இரண்டு முனையிலும் திருகு துளை போடுவதற்கு லேத் பட்டறையில் கொடுங்கள். அங்கேயே ராடின் மேல் லேசாக ஒரு மரை வெட்டிக்கொடுக்கச் சொன்னால் கம்பி ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் அழகாக உட்காரும், ஆனால் அப்போது நீளம் கூடி இண்டக்டன்ஸ் குறையும், சுற்றைக் கூட்டிக்கொள்ளவேண்டும்.

காயில் கடைக்காரர் அன்பாக வார்னிஷில் முக்கித் தரட்டுமா என்று கேட்பார். வேண்டாம். முனைகளில் மட்டும் ஒரு சொட்டு போதும். முழுக்க முக்கினால் சுற்றுகளுக்கு நடுவில் கெபாசிட்டன்ஸ் கூடும், இழப்பும் கூடும்.

அமெரிக்க டயக்ராமில் 26 கேஜ் என்று போட்டிருக்கிறது, நம்ம ஊர் 26-ம் அதுவும் ஒன்றா?

இல்லை. அவர்களுடையது ஏ.டபிள்யூ.ஜி, நம் கடையில் விற்பது எஸ்.டபிள்யூ.ஜி. அமெரிக்க 26 என்பது 0.405 மில்லிமீட்டர், நம்ம 26 என்பது 0.457. அமெரிக்க 24-க்கு நம்ம 25, அமெரிக்க 26-க்கு நம்ம 27, அமெரிக்க 28-க்கு நம்ம 30 கேட்டு வாங்கினால் மிக நெருக்கமாக வரும். கேஜை மாற்றிவிட்டு சுற்று எண்ணிக்கையை அப்படியே வைத்தால் நீளம் மாறும், எல்லாமே நகரும்.

பிவிசி பைப்பில் சுற்றினால் என்ன?

வீட்டு வயரிங் பைப் மலிவு, கைக்கு எளிது, புரிகிறது. ஆனால் 80 டிகிரியை ஒட்டினாலே பிவிசி தளர ஆரம்பித்துவிடும். சித்திரை வெயிலில் நம் அறையே 40 டிகிரி, அதில் வால்வு பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் சோக் எங்கே போய் நிற்கும் என்று பாருங்கள். கம்பி தொய்ந்து ஒன்றின் மேல் ஒன்று ஏறும். டெஃப்லான், பீங்கான், ஃபைபர்கிளாஸ் ராடு, இந்த மூன்றில் ஒன்று. ஹைலம் (பேக்கலைட் வகைப் பலகை) வேண்டாம், ஒரு தடவை ஆர்க் அடித்தால் கரியாகி அதுவே கரண்டுக்கு வழியாகிவிடும். நைலான் ஈரத்தை இழுக்கும்.

மீட்டரில் இண்டக்டன்ஸ் சரியாக இருக்கிறது. 80, 40 எல்லாம் நன்றாக ஓடியது. 15 மீட்டருக்கு (21 மெகாஹெர்ட்ஸ்) மாற்றியதும் சோக் புகைந்துவிட்டது. ஏன்?

இந்த ஒரு கேள்விக்காகவே இந்தப் பக்கத்தை எழுதுகிறேன்.

எல்சி மீட்டர் காட்டும் மைக்ரோஹென்றி கீழ் அலைவரிசையில் மட்டும் உண்மை. ஒவ்வொரு சுற்றுக்கும் பக்கத்துச் சுற்றோடும், பெட்டித் தகட்டோடும் கொஞ்சம் கெபாசிட்டன்ஸ் இருக்கிறது. அதனால் அலைவரிசை ஏற ஏற சோக் ஒரு நீளமான டிரான்ஸ்மிஷன் லைன் போல நடந்துகொள்ள ஆரம்பிக்கும். சில அலைவரிசைகளில் பேரலல் ரெசனன்ஸ் வரும், அப்போது தடை பல ஆயிரம் ஓம், நமக்கு நல்லது. அடுத்து சீரிஸ் ரெசனன்ஸ் வரும், அப்போது அதே சோக் சில ஓம்தான். ஆயிரம் வோல்ட்டுக்கு மேல் ஆர்எஃப் இருக்கும் இடத்தில் சில ஓமை கிரவுண்டுக்குப் போட்டால் என்ன ஆகும்? புகைதான். சோக்கின் நடுப்பக்கம் கருகியிருந்தால் அநேகமாக இதுதான் காரணம், ஏனென்றால் அந்த நிலையில் வோல்டேஜ் நடுவில்தான் ஏறி நிற்கும்.

சீரிஸ் ரெசனன்ஸ் இல்லாத சோக் கிடையாது. நம்மால் முடிந்தது அதை நாம் பயன்படுத்தாத இடத்தில் விழவைப்பது மட்டுமே. 7-க்கும் 10-க்கும் நடுவில், 10.15-க்கும் 14-க்கும் நடுவில், 21.45-க்கும் 24.89-க்கும் நடுவில் என்று இடைவெளிகள் இருக்கின்றன. வெளிநாட்டிலிருந்து வரும் பழைய ஆம்ப்ளிஃபயர்களில் கவனிக்கவேண்டியதும் இதுவே. 10, 18, 24 மெகாஹெர்ட்ஸ் பேண்டுகள் 1979 உலக மாநாட்டில்தான் நமக்கு ஒதுக்கப்பட்டன. அதற்கு முன்னால் வடிவமைத்தவர் தன் சோக்கின் ரெசனன்ஸை நிம்மதியாக 18-லோ 24-லோ விட்டிருக்கலாம், அவர் பேரில் தப்பே இல்லை.

அதனால் தயவுசெய்து மைக்ரோஹென்றி எண்ணை மட்டும் நம்பி ஹை வோல்டேஜ் கொடுக்காதீர்கள்.

எப்படிச் சோதிப்பது?

நானோவிஎன்ஏ (அலைவரிசை வாரியாக அளந்து கோடாகக் காட்டும் சின்னக் கருவி) இருந்தால் போதும். தனியாக மேஜையில் சோதிப்பதானால் சோக்கை இரண்டு போர்ட்டுக்கும் நடுவில் தொடராக வைத்து எஸ்21 (ஒரு போர்ட்டிலிருந்து மற்றதுக்கு எவ்வளவு போய்ச் சேருகிறது என்ற அளவு) பாருங்கள். 1000 ஓம் என்றால் மைனஸ் 21 டெசிபெல், 2600 ஓம் ரியாக்டன்ஸ் என்றால் மைனஸ் 28, பத்தாயிரம் என்றால் மைனஸ் 40. நீங்கள் ஓட்டும் எல்லாப் பேண்டிலும் மைனஸ் 25-க்குக் கீழேயே கிடக்கவேண்டும். எங்காவது கோடு திடீரென்று பூஜ்யத்தை நோக்கி எழும்பினால் அங்கே சீரிஸ் ரெசனன்ஸ்.

ஆனால் மேஜைச் சோதனை பாதிதான். பெட்டிக்குள் வைத்ததும் தகடு, விசிறி, டேங்க் காயில் எல்லாம் பக்கத்தில் வரும், ரெசனன்ஸ் நகரும். அதனால் இடத்தில் பொருத்திய பிறகு இன்னொரு தடவை: பிளேட் மூடியைக் கழற்றுங்கள், டேங்குக்குப் போகும் கெபாசிட்டரைக் கழற்றுங்கள், குளிர்ந்த முனையின் பைபாஸ் அப்படியே இருக்கட்டும். இரண்டு போர்ட்டையும் சோக்கின் சூடான முனையில் சேர்த்து, கிரவுண்டை சேஸில் (பெட்டியின் அடித்தகட்டில்) கொடுங்கள். இந்த அமைப்பில் கோடு பூஜ்யத்தை ஒட்டி நேராகப் போகும், சீரிஸ் ரெசனன்ஸ் இருக்கும் இடத்தில் மட்டும் பள்ளம் விழும்.

ஒரு விஷயம். 1 முதல் 30 வரை ஒரே ஓட்டமாகப் பார்த்தால், 101 புள்ளி காட்டும் கருவியில் புள்ளிக்குப் புள்ளி கிட்டத்தட்ட 0.3 மெகாஹெர்ட்ஸ் இடைவெளி, குறுகலான பள்ளம் அதற்குள் ஒளிந்துவிடும். ஒவ்வொரு பேண்டையும் தனித்தனியாக, இரண்டு பக்கமும் அரை மெகாஹெர்ட்ஸ் சேர்த்துப் பாருங்கள்.

இதையெல்லாம் செய்யும்போது மெயின்ஸ் பிளக் சுவரில் இருக்கக்கூடாது. ஸ்விட்ச் ஆஃப் போதாது, பிளக்கே வெளியே. 2000 வோல்ட்டில் 30 மைக்ரோஃபாரட் என்றால் 60 ஜூல், ஆளைக் கொல்லப் போதும், பிளீடர் ரெசிஸ்டர் (அணைத்ததும் கெபாசிட்டரைக் காலி செய்வது) அறுந்திருந்தால் அது அணைத்த பிறகும் அங்கேயே காத்திருக்கும். காய்ந்த, கரண்ட் கடத்தாத பிடியுள்ள ஷார்ட்டிங் குச்சியால் (கிரவுண்டோடு கம்பியால் சேர்த்த குச்சி) டிஸ்சார்ஜ் செய்துவிட்டு, கிளிப்பை அங்கேயே மாட்டி வைத்துவிட்டு, அப்புறம் கை வையுங்கள். அளவெடுக்கும் நேரத்தில் மட்டும் கிளிப் சோக்கின் மேல் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பள்ளம் பேண்டுக்குள்ளேயே விழுகிறது. இப்போது?

சூடான முனையிலிருந்து ஐந்து சுற்று, பத்து சுற்று என்று கழற்றிப் பாருங்கள், ரெசனன்ஸ் மேலே போகும். எல்லா ரெசனன்ஸும் சேர்ந்து நகரும் என்பதால் 15-ஐச் சரிசெய்தால் 10 கெட்டுப்போகலாம், பொறுமை வேண்டும். இன்னொரு வழி, சுற்றைத் துண்டுகளாகப் பிரிப்பது: கீழே பெரிய துண்டு, மேலே போகப் போகச் சின்னத் துண்டு, நடுவில் மூன்று நான்கு மில்லிமீட்டர் இடைவெளி. பழைய கம்பெனி சோக்குகள் அப்படி இருப்பது அழகுக்காக இல்லை.

என் கருத்தைக் கேட்டால், 160 மீட்டர் ஆன்டெனா போட மொட்டை மாடியில் இடமே இல்லாதவர்கள் 160-ஐ விட்டுவிட்டு 100 சுற்று சோக்கோடு நிம்மதியாக இருக்கலாம். கம்பி பாதியானால் ரெசனன்ஸ்களும் குறையும், இடைவெளிகளும் அகலும்.

அண்ணே, டியூப்லைட் சோக் வீட்டில் நிறையக் கிடக்கிறது. போட்டால் ஆகாதா?

ஆகாது தம்பி. அது 50 ஹெர்ட்ஸுக்கான இரும்புக் கோர் சோக். அடுக்கு மேல் அடுக்காகச் சுற்றியிருப்பதால் ஆர்எஃப்புக்கு அது ஒரு கெபாசிட்டர் மாதிரி. பவர் சப்ளை ஃபில்டருக்காவது என்று சிலர் கேட்பார்கள். அதன் இன்சுலேஷன் 230 வோல்ட் வேலைக்குச் செய்தது, 2000 வோல்ட்டில் கோருக்குப் பாய்ந்துவிடும். மேலும் சோக்-இன்புட் ஃபில்டர் சும்மா நிற்கும்போதும் ஒழுங்காக வேலை செய்ய, லோடு ஓமை 942-ஆல் வகுத்த அளவு ஹென்றி வேண்டும். 2000 வோல்ட்டில் 40 மில்லிஆம்பியர் பிளீடர் என்றால் 50,000 ஓம், 53 ஹென்றி. அந்த இரும்பைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். கெபாசிட்டர் ஃபில்டரே போதும்.

ஃபிலமென்ட் சோக்கை எப்படிச் சுற்றுவது?

811ஏ, 813, 3-500இசட் போன்றவற்றில் ஃபிலமென்ட்டே (சூடாகும் இழையே) கேத்தோடு, அதாவது எலக்ட்ரானை விடும் முனை. கிரிட்டை கிரவுண்ட் செய்தால் டிரைவ் ஃபிலமென்ட்டுக்குத்தான் போகிறது, அது டிரான்ஸ்ஃபார்மர் வழியாக ஓடிவிடாமல் தடுக்க இந்த சோக். இன்புட் இம்பிடன்ஸ் 100 ஓம் என்று வைத்துக்கொண்டால் ஐந்து மடங்கு, 500 ஓம் போதும். 3.5 மெகாஹெர்ட்ஸில் அது 23 மைக்ரோஹென்றி.

12 மில்லிமீட்டர் தடிமன், 18 சென்டிமீட்டர் நீள ஃபெரைட் ராடில் இரண்டு கம்பியைச் சேர்த்துப் பிடித்து ஜோடியாக 25 முதல் 28 சுற்று. ஜோடியாகச் சுற்றுவதால் ஃபிலமென்ட் கரண்ட் ஒன்றில் போக, மற்றதில் திரும்ப, காந்தப்புலம் ஒன்றையொன்று அடித்துவிடும், கோர் காந்தத்தால் நிரம்பாது.

இதில் எல்லோரும் கோட்டை விடுவது வோல்டேஜ் இழப்பை. 14 எஸ்.டபிள்யூ.ஜி கம்பி, ஒரு பக்கம் ஒன்றரை மீட்டர், இரண்டு பக்கம் மூன்று மீட்டர் என்றால் 16 மில்லிஓம். 3-500இசட் இழுக்கும் 14.5 ஆம்பியரில் 0.23 வோல்ட் போய்விடும். 5 வோல்ட் வால்வுக்கு 4.77 கிடைக்கும், அதற்கு அனுமதி 4.75 வரைதான். சாயங்காலம் நம் கிராமத்து லைனில் லோ வோல்டேஜ் ஆனால் கதை முடிந்தது. 12 எஸ்.டபிள்யூ.ஜி போடுங்கள், வோல்டேஜை டிரான்ஸ்ஃபார்மரில் அளக்காமல் வால்வு சாக்கெட்டின் காலிலேயே அளங்கள்.

ஆன்டெனா சாக்கெட்டில் இருக்கும் அந்தச் சின்ன சோக் எதற்கு? எடுத்துவிடலாமா?

எடுக்கவே கூடாது. பிளேட்டில் இருந்து டேங்குக்கு ஆர்எஃப்பை விடும் கெபாசிட்டர் ஒரு நாள் ஷார்ட் ஆனால், 2000 வோல்ட் டிசி நேராக உங்கள் ஆன்டெனாக் கம்பிக்குப் போகும். மாடியில் துணி காயப்போடும் அம்மாவின் கைக்கு எட்டும் தூரத்தில் அந்தக் கம்பி இருக்கும். இந்த சோக் இருந்தால் டிசி அதன் வழியாகத் தரைக்குப் போய் ஃபியூஸ் போய்விடும். 2.5 மில்லிஹென்றி வழக்கம், ஃபியூஸை ஊதும் அளவுக்குக் கரண்ட் தாங்கும் கம்பியாக இருக்கவேண்டும், அதற்கு முன்னால் சோக் அறுந்தால் பயனில்லை. கோடை இடிமழை நேரத்தில் ஆன்டெனாவில் சேரும் ஸ்டாடிக்கும் இதன் வழியாக இறங்கும். இடி நேரடியாக விழுந்தால் எந்த சோக்கும் காப்பாற்றாது, கேபிளைக் கழற்றி வெளியே போட்டுவிடுங்கள்.

பிளேட் மூடியில் ரெசிஸ்டர் மேல் சுற்றிய மூன்று சுற்று, அதுவும் சோக்தானா?

அது பாரசிட்டிக் சப்ரஸர். விஎச்எஃப்பில் (30 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே) வால்வு தானாகக் கத்தாமல் இருக்க. 50 முதல் 100 ஓம், கார்பன் அல்லது மெட்டல் ஆக்சைடு. ஒயர்வவுண்ட் ரெசிஸ்டர் போட்டால் அதுவே ஒரு காயில்.

ஒயர்வவுண்டுக்கு வேறு இடம் உண்டு: சோக்கின் குளிர்ந்த முனைக்கும் சப்ளைக்கும் நடுவில் 25 ஓம், 25 வாட் ஒன்று தொடராகப் போடுங்கள். வால்வுக்குள் ஆர்க் அடித்தால் கெபாசிட்டரின் மொத்தக் கோபத்தையும் அது தடுத்து நிறுத்தும்.

டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயருக்கும் இதே கணக்கா?

கணக்கு அதே, எண்கள் தலைகீழ். 50 வோல்ட், 300 வாட் என்றால் லோடு 4 ஓம் அளவுதான். பத்து மடங்கு 42 ஓம், 1.8 மெகாஹெர்ட்ஸில் 3.7 மைக்ரோஹென்றி, பத்துப் பன்னிரண்டு சுற்றில் முடிந்துவிடும். ஆனால் டிசி 10 ஆம்பியர் ஓடும், மூடிய ஃபெரைட் வளையம் நிரம்பிப்போய்த் தடையே இல்லாமல் ஆகிவிடும். புஷ்-புல்லில் (இரண்டு டிரான்சிஸ்டர் மாறி மாறி வேலை செய்யும் அமைப்பில்) இரண்டு பக்கமும் ஜோடியாகச் சுற்றினால் டிசி காந்தப்புலம் அடிபட்டுப்போகும். ஒற்றை டிரான்சிஸ்டர் என்றால் காற்றுக் கோரோ ராடோ நல்லது.

பவர் ஏற்றியதும் பக்கத்து வீட்டு டிவியில் கோடு, என் மைக்கைத் தொட்டால் உதட்டில் சுரீர். என்ன சோக்?

கோஆக்ஸின் வெளிப்பக்கத்தில் ஆர்எஃப் திரும்பி வருகிறது. எஃப்டி240-31 அல்லது எஃப்டி240-43 ஃபெரைட் வளையத்தில் ஆர்ஜி-58 கேபிளைப் பத்துப் பன்னிரண்டு சுற்று சுற்றி ஆன்டெனாவின் ஃபீட் முனையில் ஒன்று, ரேடியோ அறைக்குள் நுழையும் இடத்தில் ஒன்று. 160, 80, 40-க்கு 31 நல்லது, மேல் பேண்டுகளுக்கு 43. வளையம் சூடானால் ஆன்டெனாவில் சமநிலை சரியில்லை என்று அர்த்தம், இன்னொரு வளையம் சேர்த்து சமாளிப்பதைவிட ஆன்டெனாவைப் பாருங்கள். பவரும் பாருங்கள்: நம் நாட்டில் ஜெனரல் கிரேடு உரிமத்துக்கே 400 வாட்தான், ரெஸ்ட்ரிக்டட் கிரேடுக்கு 50.

பெட்டிக்குள் பிளேட் சோக்கை எங்கே, எப்படி நிறுத்துவது?

வால்வுக்குப் பக்கத்தில் நெட்டுக்குத்தாக, குளிர்ந்த முனை கீழே சேஸில், சூடான முனை மேலே பிளேட் உயரத்தில். எந்தத் தகட்டுக்கும் சோக்கின் விட்டத்தளவாவது தூரம் விடுங்கள். டேங்க் காயிலின் அச்சுக்கு நேராக வைக்காமல் குறுக்காக வையுங்கள், இல்லையென்றால் டேங்கின் புலம் சோக்குக்குள் புகும். ராடின் நடுவில் இரும்பு போல்ட்டை முழு நீளத்துக்கு ஓட்டாதீர்கள், கீழே மட்டும் ஒரு பித்தளைத் திருகு. விசிறிக் காற்றில் கொஞ்சம் சோக்கின் மேலும் படட்டும். முதல் தடவை ஓட்டும்போது குறைந்த பவரில் ஒவ்வொரு பேண்டிலும் ஒரு நிமிடம் ஓட்டி, அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, டிஸ்சார்ஜ் செய்து, சோக்கை விரலால் தொட்டுப் பாருங்கள். ஒரு பேண்டில் மட்டும் சுட்டால் மறுபடி நானோவிஎன்ஏவை எடுங்கள்.